ஓட்டுநர் பியோ கில்சங் மீது குவிந்த பாராட்டுகள்

அனுப்புநர்:
மேங் தோஜின்,
குளிர்சாதனப் பொறியாளர்,
ஜங்மி அடுக்ககம், 107ஆம் கட்டடம், 1204ஆம் வீடு,
சூரிம்-தோங், டேகு மாநகரம்.

பெறுநர்:
இயக்குநர் (பயணிகள் சேவை),
மிரினே மெட்ரோ இயக்க நிறுவனம்,
ஆறாம் வழித்தடம், டேகு மாநகரம்.

பொருள்: ஆறாம் வழித்தட ஓட்டுநர் திரு. பியோ கில்சங் அவர்களைப் பயணிகள் பாராட்டியதைத் தங்கள் கணினி புகார் என்று எண்ணியது – அந்த எண்ணிக்கையை வைத்து அவரை வண்டியிலிருந்து இறக்க 3.9.2024 அன்று விசாரணை – எண்ணிக்கையை ரத்து செய்து, அவரை ஓட்ட விட்டு, மைக்கையும் திருப்பித் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1) யோன்மோட் நிலையத் தகவல் பலகையில் 2.8.2024 அன்று ஒட்டப்பட்ட தங்கள் அறிக்கை.
2) என் கைபேசிக்கு வந்த தானியங்கிப் பதில்கள் (ஏழு).

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர் (தங்கள் இணையதளத்தில் பதவி இருக்கிறது, பெயர் இல்லை),

1. 2024 ஜூலை 23, செவ்வாய்க்கிழமை, காலை 8 மணி 14 நிமிடம். நான்காம் பெட்டியில் தோராயமாக நூற்று அறுபது பேர். விவகாரம் அங்கேதான் தொடங்குகிறது. அந்த நிமிடத்தில், வண்டிக்குள் ஒட்டியிருக்கும் தங்கள் குறுஞ்செய்தி எண்ணுக்கு ஒரே வண்டியிலிருந்து இரண்டு செய்திகள் போயின. "நான்காம் பெட்டி வேகிறது" என்பது ஒன்று. அனுப்பியவன் நான். "மூன்றாம் பெட்டியில் விரல் விறைத்துவிட்டது" என்பது மற்றொன்று. அனுப்பியவர் அடுத்த பெட்டியில் நின்றிருந்த, அதுவரை எனக்கு அறிமுகமில்லாத செல்வி குக் சேபோம். பல் மருத்துவமனை ஒன்றில் வேலை பார்ப்பவர். நான்காம் பெட்டி குளிர்சாதனத்தைக் குறைத்து வைத்த பெட்டி என்பது எனக்குத் தெரியும். மூன்றாம் பெட்டியில் குளிர் அதிகம் என்பது அவருக்கும் தெரியும். ஆனால் இந்த ஊரில் குளிரைப் பார்த்து யாரும் பெட்டி ஏறுவதில்லை. இறங்கும் நிலையத்தில் படிக்கட்டுக்கு நேராக எந்தக் கதவு வந்து நிற்கும் என்று பார்த்துத்தான் ஏறுகிறோம். அரை நிமிடம் முன்னதாக வெளியே போவதற்காக அரை மணி நேரம் வேகத் தயாராக இருக்கும் மக்கள் நாங்கள்.

2. இரண்டு செய்திகளும் ஓட்டுநர் அறைக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒலிபெருக்கியில் திரு. பியோ கில்சங் அவர்களின் குரல் வந்தது. அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். அந்தப் பெட்டியில் இருந்த யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள்:

"ஓட்டுநர் பேசறேங்க. மூணாம் பெட்டியில ஒருத்தர் விறைச்சுப் போயிட்டாங்களாம். நாலாம் பெட்டியில ஒருத்தர் வெந்து போயிட்டாராம். கூட்டினா அவங்க போயிடுவாங்க, குறைச்சா இவர் போயிடுவாரு. நடுவுல ஒரு கதவு இருக்கு, தள்ளினா திறக்கும். ரெண்டு பேரும் இடத்தை மாத்திக்கங்க. வழியில பாத்துக்கிட்டா ஒரு வணக்கம் வச்சுக்கங்க. அடுத்தது யோன்மோட், வலது பக்கக் கதவு."

நான் கதவைத் தள்ளினேன். எதிர்ப்பக்கமிருந்து அதே கதவை ஒருவர் இழுத்துக்கொண்டிருந்தார். டேகுவின் ஜூலை மாதத்தில் இரண்டு கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். "நீங்கதான் வேகறவரா?" என்று கேட்டார். "நீங்கதான் விறைச்சவங்களா?" என்றேன். இரண்டு பெட்டியும் சேர்ந்து சிரித்தது. மலையேறப் போகும் பெண்கள் குழு ஒன்று, பெரிய முகப்புத் தொப்பிகளும் கைத்தடிகளுமாக, பக்கத்திலேயே நின்றது. அதன் தலைவி திருமதி பாங் மல்சுன் அவர்கள் (வயது 67), "சீக்கிரம் மாறுங்க மாப்பிள்ளை! கதவு தொறந்து கெடக்கு, ரெண்டு பெட்டிக் காத்தும் ஒண்ணாக் கலக்குது பாருங்க!" என்று சத்தம் போட்டார். சிரிப்பு மேலும் கூடியது.

3. இவ்விஷயத்தில் எனக்குள்ள சுயநலத்தை முன்பே சொல்லிவிடுகிறேன். பிறகு தாங்களாகக் கண்டுபிடித்து மனுவைத் தள்ளுபடி செய்ய வேண்டாம். செல்வி குக் சேபோமும் நானும் இப்போது சேர்ந்தே பயணிக்கிறோம். எந்தப் பெட்டியில் என்பது தீராத வழக்கு. ஒரு நாள் மூன்றாம் பெட்டி, மறுநாள் நான்காம் பெட்டி என்று தற்காலிக உடன்பாடு நடப்பில் இருக்கிறது. இம்மனுவின் முதல் பிரதியை அவர் படித்துவிட்டு, "இது மனுவா, அடிக்கக் கூப்பிடற கடிதமா?" என்று கேட்டார். எனவே கீழே 'தயவுகூர்ந்து', 'பணிவுடன்' ஆகிய சொற்கள் வரும் இடங்களெல்லாம் அவர் சேர்த்தவை. மற்ற எல்லாவற்றுக்கும் நான் பொறுப்பு.

4. திரு. பியோ அன்று ஒரு நாள் மட்டும் இப்படிப் பேசியவர் அல்ல. கதவு மூடும்போது ஓடி வருபவர்களிடம், "ஓடாதீங்க, நாலு நிமிஷத்துல அடுத்த வண்டி இருக்கு, அதை ஓட்டறவரும் நல்லவர்தான்" என்பார். மழை நாளில், "குடையை விட்டுட்டுப் போனா எங்களுக்கு அதை எடுத்து வைக்கிற வேலை, உங்களுக்கு நனையற வேலை" என்பார். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு நாளன்று மாணவர்கள் இறங்கும் நிலையம் வந்ததும், "படிச்சது வந்தா எழுதுங்க, படிக்காதது வந்தா மூச்சை விட்டுட்டு அடுத்த கேள்விக்குப் போங்க" என்றாராம்; என் சக ஊழியர் ஒருவரின் தங்கை அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கியிருக்கிறாள். காலை எட்டு மணிக் கூட்டத்தில் பக்கத்து ஆளின் பை என் விலாவில் குத்தும்போது எனக்கு அந்த ஆளைக் கொல்லத் தோன்றும். திரு. பியோ பேசினால் தோன்றாது. ஒரு பொறியாளனாக இதை ஒரு கருவியின் செயல்திறன் என்றே கருதுகிறேன். இதற்குத் தாங்கள் ஒரு செலவும் செய்யவில்லை.

5. ஆகஸ்ட் 2ஆம் தேதி அந்தக் குரல் நின்றுபோனது. அன்று முதல் பதிவு செய்த பெண் குரல்தான். நிலையப் பலகையில் பார்வை 1இல் கண்ட தாள்: "அங்கீகரிக்கப்பட்ட வாசகத்துக்கு வெளியே அறிவிப்பு செய்ததாகப் பயணியிடமிருந்து புகார் பெறப்பட்டுள்ளதால், சம்பந்தப்பட்ட ஓட்டுநரின் நேரடி அறிவிப்பு நிறுத்தி வைக்கப்படுகிறது." சிரிப்புச் சத்தத்தில் தூக்கம் கலைந்துவிட்டது என்று ஒரு பயணி புகார் செய்ததாக நிலைய ஊழியர் சொன்னார். நியாயமான புகார்தான். இரவுப் பணி முடிந்து வீட்டுக்குப் போகிறவராக இருக்கலாம். அந்த ஒரு புகாருக்கு ஓட்டுநரை எச்சரித்திருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. அத்துடன் நிறுத்தியிருந்தால் இந்த மனு இல்லை.

6. பாங் அம்மையார் விடவில்லை. அவருடைய மலையேற்றக் குழுவில் முப்பத்தொரு பெண்கள் இருக்கிறார்கள். அனைவரும் மறுநாள் காலை வண்டியிலேயே கைபேசியை எடுத்தார்கள். அம்மையாருக்கு எழுத்து தட்டப் பொறுமை இல்லை; கைபேசியை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, பெட்டி முழுக்கக் கேட்கும்படி பேசியே எழுதவைத்தார்: "ஐயா, அந்த ஓட்டுநர் தம்பியோட அறிவிப்பு ரொம்ப நல்லா இருந்துச்சு. எங்க வீட்டுக்காரர் முப்பது வருஷத்துல சிரிக்க வச்சதை விட இவரு மூணு மாசத்துல அதிகமா சிரிக்க வச்சிருக்காரு. அவரைத் திரும்பப் பேச விடுங்க. முற்றுப்புள்ளி. ஏய், முற்றுப்புள்ளின்னு எழுத்தாவே வந்துடுச்சு!"

அரை நிமிடத்தில் பதில் வந்தது. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவர் உரக்க வாசித்தார்: "தங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது. பிரிவு நான்கு. ஏற்பட்ட சிரமத்துக்கு ஆழ்ந்து வருந்துகிறோம். சம்பந்தப்பட்ட ஓட்டுநர் குறித்து உரிய நடவடிக்கை எடுக்கப்படும்."

"பாத்தீங்களாடி!" என்றார் தோழிகளிடம். "ஆழ்ந்து வருந்தறாங்களாம். பாவம், அவங்களுக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு. நடவடிக்கை எடுக்கறேன்னு வேற சொல்லிட்டாங்க. எல்லாரும் அனுப்புங்க, வேலை நடக்குது!"

எல்லோரும் அனுப்பினார்கள். நானும் அனுப்பினேன். செல்வி குக் சேபோம் பூங்கொத்துப் படம் சேர்த்து அனுப்பினார். எல்லோரிடமும் தாங்கள் ஆழ்ந்து வருந்தினீர்கள்.

7. ஆகஸ்ட் 15, விடுமுறை நாள். செல்வி குக் சேபோமும் நானும் அந்தக் குழுவோடு மலைக்குப் போனோம் (நான் பாதியில் திரும்பினேன், அது இம்மனுவுக்குத் தொடர்பில்லாதது). மலையடிவாரம்தான் ஆறாம் வழித்தடத்தின் கடைசி நிலையம். வண்டி அங்கே நின்றதும் ஓட்டுநர் இறங்கி, நடைமேடை நெடுக நடந்து மறுமுனை அறைக்குப் போவார். அன்று நடந்து வந்தவர் திரு. பியோ. தொப்பியைக் கையில் பிடித்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். குரலைக் கேட்டு நான் நினைத்திருந்ததை விட உயரம் குறைவு.

பாங் அம்மையார் பாய்ந்து போய் அவரை மறித்தார். "தம்பி! நாங்க விடல தம்பி! தினமும் அனுப்பிக்கிட்டே இருக்கோம்!" என்று சொல்லிக்கொண்டே பையிலிருந்து வெள்ளரிக்காய் ஒன்றை எடுத்து நீட்டினார்.

திரு. பியோ இரண்டடி பின்வாங்கினார். "அம்மா, உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன், வெள்ளரிக்கா வேணாம். இதுவும் புகாரா ஏறிடப் போகுது."

"என்ன புகார்?"

"எனக்கே தெரியலம்மா. நான் மைக்கைத் தொட்டு ரெண்டு வாரம் ஆச்சு. ஒரு வார்த்தை பேசல. ஆனா என் அறிவிப்பைப் பத்திப் புகார் மட்டும் தினமும் ஏறுதாம். நேத்து மேலதிகாரி கூப்பிட்டு, 'இவ்வளவு சொல்லியும் நீங்க திருந்தற மாதிரி தெரியலையே'ங்கறாரு. அடுத்த மாசம் மூணாந்தேதி விசாரணை. வண்டியை விட்டு இறக்கிப் பணிமனைக் கிடங்குல போட்டுடுவாங்க போல."

"பேசாமலேயேவா?" என்று கேட்டேன்.

"பேசாமலேதான். வீட்டுல கூட இப்பக் கம்மியாத்தான் பேசறேன், எதுக்கு வம்புன்னு."

செல்வி குக் சேபோம் அவரிடம், முதலில் எதற்காக அப்படிப் பேச ஆரம்பித்தீர்கள் என்று கேட்டார். எனக்குத் தோன்றாத கேள்வி. அவர் சொன்னார்: "முன்னாடி இருட்டு. அதுல நான் ஒருத்தன். பின்னாடி ஆயிரம் பேர் இருக்காங்கன்னு நீங்க அனுப்பற மெசேஜைப் பாத்தாத்தான் தெரியும். சூடா இருக்கு, குளிருதுன்னு எதையாவது சொல்றீங்க. பதில் சொல்லாம எப்படி இருக்கறது?" பிறகு மறுமுனை அறைக்குள் போய்விட்டார். சிக்னலை நோக்கி விரல் நீட்டி, அதன் நிறத்தை உரக்கச் சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும் என்பது விதி. கண்ணாடி வழியே பார்த்தோம். விரலை நீட்டி உரக்கச் சொன்னார். இப்போது அவர் வேலை நேரத்தில் பேசுவது சிக்னலோடு மட்டும்தான்.

வெள்ளரிக்காயைப் பாங் அம்மையார் மீண்டும் பைக்குள் வைத்துக்கொண்டார். மலையில் அதை வேறு யாருக்கும் கொடுக்கவும் இல்லை. இது அரிது என்று அவருடைய தோழிகள் சொன்னார்கள்.

8. ஐயா (அல்லது அம்மையீர்), இந்த இடத்தில் தங்கள் நிறுவனத்தில் ஒருவருக்காவது ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். வாயே திறக்காத மனிதர் மீது, அவர் பேசுகிறார் என்று புகார் வருகிறது. அவர் எவ்வளவு அமைதியாக இருக்கிறாரோ, அவ்வளவு புகார் கூடுகிறது. இதைப் பார்த்தால் ஆள் திருந்தவில்லை என்று தோன்றுமா, அல்லது எண்ணுகிற கருவி கெட்டுப்போயிருக்கிறது என்று தோன்றுமா? நான் வேலை பார்ப்பது கிம்ச்சி ஊறுகாய்க்கான குளிர்பெட்டி செய்யும் தொழிற்சாலையில். பெட்டியை அணைத்த பிறகும் அது குளிர்கிறது என்று அளவி காட்டினால் நாங்கள் அளவியைக் கழற்றிப் பார்ப்போம். கிம்ச்சியை விசாரணைக்குக் கூப்பிட மாட்டோம்.

9. எனவே அளவியைச் சோதித்தேன். ஆகஸ்ட் 16 அன்று என் கைபேசியிலிருந்து தங்கள் எண்ணுக்கு ஒன்றன்பின் ஒன்றாகச் செய்திகள் அனுப்பினேன். "ஓட்டுநருக்கு நன்றி" என்றதற்குப் பிரிவு ஒன்பது என்று பதில் வந்தது. "ஓட்டுநரின் அறிவிப்புக்கு நன்றி": பிரிவு நான்கு. "அறிவிப்பு அருமை": பிரிவு நான்கு. "இன்று அறிவிப்பு எதுவும் இல்லாமல் நிம்மதியாக இருக்கிறது": அதற்கும் நான்கு. "என் அத்தை பெண்ணின் திருமண அறிவிப்பு வந்திருக்கிறது, பரிசு என்ன கொடுக்கலாம்?" என்றும் கேட்டேன். பிரிவு நான்கு, ஏற்பட்ட சிரமத்துக்கு ஆழ்ந்து வருந்துகிறோம், சம்பந்தப்பட்ட ஓட்டுநர் குறித்து உரிய நடவடிக்கை எடுக்கப்படும். என் அத்தை பெண்ணின் திருமணத்துக்குத் திரு. பியோ எந்த வகையில் பொறுப்பாவார் என்பதைத் தயவுகூர்ந்து விளக்க வேண்டும்.

10. பிரிவு நான்கு என்றால் என்ன என்று அறிய ஆகஸ்ட் 19 அன்று தங்கள் வாடிக்கையாளர் மையத்துக்குத் தொலைபேசினேன். எடுத்தவர் மிகவும் மரியாதையாகப் பேசினார்; அவர் மீது எந்தக் குறையும் இல்லை, அவருடைய பெயரையும் இங்கே எழுதவில்லை.

"பிரிவு நாலுன்னா அறிவிப்பு தொடர்பான புகார் சார். ஓட்டுநர் பேர் இல்லாட்டி, இப்ப விசாரணையில இருக்கிற பியோ சார் கணக்குல சேரும்."

"நாங்க அனுப்பினது புகார் இல்லைங்க. பாராட்டு."

"பாராட்டுக்குத் தனியா பிரிவு இல்லை சார். இது புகார் எண்."

"அப்ப பாராட்டு வந்தா என்ன பண்ணுவீங்க?"

விசைப்பலகையைத் தட்டித் தேடும் சத்தம் கேட்டது. "இதுவரைக்கும் யாரும் பாராட்டினதில்லை சார்" என்றார்.

அந்த நிமிடம் எனக்குத் தங்கள் நிறுவனத்தின் மீது சற்று இரக்கம் வந்தது. அடுத்த நிமிடம் போய்விட்டது. ஏனென்றால் அவர் தொடர்ந்தார்: "உங்க அழைப்பை எதுல சார் பதியட்டும்? நாலுலயா, 'இதர'ங்கற ஒன்பதுலயா?"

"எதுலயும் பதியாதீங்க, தயவுசெஞ்சு."

"ஏதாவது ஒண்ணுல போட்டாத்தான் சார் திரை அடுத்த பக்கம் போகும். அறிவிப்பைப் பத்திப் பேசினீங்க, நாலுலயே போட்டுடறேன்."

அவர் கண்ணெதிரே, என் காதுக்கெதிரே, திரு. பியோ மீது இன்னொரு புகார் ஏறியது. அழைப்பு முடிந்ததும் சேவை திருப்தியாக இருந்ததா என்று கேட்டு ஒரு செய்தி வந்தது. பதில் அனுப்பப் பயந்து அழித்துவிட்டேன்.

11. அன்று மாலையே பாங் அம்மையாரை நிலையத்தில் பிடித்து விவரத்தைச் சொன்னேன். புகழ்ந்து அனுப்புவதை உடனே நிறுத்துங்கள், ஒவ்வொரு பாராட்டும் அவருக்கு ஒரு அடி என்றேன். அவர் கைத்தடியைத் தரையில் ஊன்றிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நல்லவனை நல்லவன்னு சொல்லாதேங்கறியா? நீ யார் பக்கம் தம்பி? அந்தக் கம்பெனியில உனக்கு ஏதாச்சும் வேலை கீலை தரேன்னுட்டாங்களா?"

அரை மணி நேரம் விளக்கினேன். படம் வரைந்து காட்டினேன். கடைசியில் செல்வி குக் சேபோம் வந்து ஒரே வாக்கியத்தில் சொன்னார்: "அம்மா, நீங்க அவருக்கு ஓட்டுப் போடறதா நினைச்சு எதிராளி பெட்டியில போட்டுக்கிட்டு இருக்கீங்க." அம்மையார் கைத்தடியைச் சாய்த்து வைத்தார். அங்கேயே இருக்கையில் உட்கார்ந்தார். "ஐயையோ. நான் பூப்பந்தாட்டக் கிளப்புக்கும் சொல்லிட்டேனே. தேவாலயப் பாடகர் குழுவுக்கும் சொல்லிட்டேன். எங்க சின்னவ கோயில் சங்கத்துல இருக்கா, அவ மூலமா அங்கயும் போயிடுச்சு. ரெண்டு பக்கமும் யாரு அதிகம் அனுப்பறாங்கன்னு போட்டி வேற நடக்குது." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தத் தம்பியை நான்தான் இறக்கிவிடறேனா?" என்று கேட்டார். அவரை நான் அதுவரை அப்படிப் பார்த்ததில்லை. இல்லை அம்மா, நீங்கள் இல்லை, ஒரு கணினி நிரல் என்றேன். அவருக்கு அது ஆறுதலாக இல்லை. தங்களுக்கும் இருக்கக் கூடாது.

நிறுத்துங்கள் என்று அவர் அன்றிரவே எல்லாக் குழுக்களுக்கும் சொல்லிவிட்டார். பாதிப் பேர் நிறுத்தினார்கள். மீதிப் பேர், நிறுத்தச் சொல்வதே நிறுவனத்தின் சூழ்ச்சி என்று கருதி இரு மடங்காக அனுப்புகிறார்கள். பாடகர் குழுவின் கட்டைக்குரல் பிரிவை யாராலும் கட்டுப்படுத்த முடியவில்லை என்று தகவல்.

12. ஆகவே கீழ்க்கண்டவற்றைப் பணிவுடன் கோருகிறேன். ஆகஸ்ட் 2ஆம் தேதிக்குப் பிறகு திரு. பியோ பெயரில் பிரிவு நான்கில் ஏறிய அனைத்தையும் ஒரு மனிதர் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். எண்ணக் கூடாது, வாசிக்க வேண்டும். ஒரு பிற்பகல் போதும். வாசிப்பவர் சிரிக்க நேரிட்டால் அது பணியின் ஒரு பகுதியாகக் கொள்ளப்பட வேண்டும். அவை புகார்கள் அல்ல என்று தெரிந்ததும் 3ஆம் தேதி விசாரணையை ரத்து செய்து, அவரை அதே வண்டியில் ஓட்ட விட வேண்டும். மைக்கையும் திருப்பித் தர வேண்டும். தூக்கம் கலைந்த பயணிக்காக, முதல் பெட்டியில் அவர் குரலின் ஒலியளவைக் குறைத்து அதை உறங்குவோர் பெட்டியாக அறிவிக்கலாம்; குளிர் குறைத்த பெட்டி இருக்கும்போது சிரிப்புக் குறைத்த பெட்டி இருப்பதில் தொழில்நுட்பச் சிக்கல் எதுவும் இல்லை. வேண்டுமானால் வரைபடம் நானே போட்டுத் தருகிறேன்.

நான்காம் பெட்டியின் குளிர் அளவி கதவுக்கு மேலேயே பொருத்தப்பட்டிருப்பது பற்றியும் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. அதை இங்கே எழுத வேண்டாம் என்று அறிவுறுத்தப்பட்டுள்ளேன். தனி மனு வரும்.

13. இம்மனுவைக் குறுஞ்செய்தியாகவோ மின்னஞ்சலாகவோ அனுப்பாமல் பதிவுத் தபாலில் அனுப்புவதற்குக் காரணம் உண்டு. இதைத் தயவுகூர்ந்து அந்தக் கணினிக்குள் ஏற்ற வேண்டாம். 'அறிவிப்பு' என்ற சொல் இதில் எத்தனை முறை வருகிறது என்று நானே பயந்துபோய் எண்ணாமல் விட்டிருக்கிறேன். ஏற்றினால் திரு. பியோவைக் கிடங்குக்கு அனுப்புவதோடு அது நிற்காது.

14. தாங்கள் மேற்கண்டவற்றைச் செய்வீர்கள் என்று செல்வி குக் சேபோம் நம்புகிறார். நான் பொறியாளன், நம்பிக்கையோடு மாற்று ஏற்பாடும் வைத்திருப்பது வழக்கம். இதை மிரட்டல் என்று கொள்ள வேண்டாம். வேலைத் திட்டத்தை முன்கூட்டித் தெரிவிப்பது மரியாதை என்று கருதி, அடுத்து நான் செய்யப்போவதைக் கீழே தருகிறேன்:

(1) ஆகஸ்ட் 30 மாலை வரை தங்கள் பதிலுக்குக் காத்திருப்பேன். அதுவரை யாரையும் பாராட்ட மாட்டேன்.

(2) பதில் வராவிட்டால் செப்டம்பர் 3 அன்று அரை நாள் விடுப்பு எடுத்து விசாரணைக்கு வருவேன். சாட்சியாக உள்ளே விட்டால் உள்ளே, விடாவிட்டால் வாசலில்.

(3) பாங் அம்மையாரும் முப்பத்தொரு பெண்களும் என்னோடு வருவார்கள். அவர்கள் விரிக்கப் பாயும், சாப்பிடக் கிம்பாப்பும் சொந்தமாகக் கொண்டு வருவார்கள். தங்கள் அலுவலர்களுக்கும் கொடுப்பார்கள். மறுத்துப் பார்க்கலாம், முடியாது.

(4) விசாரணையில் தங்கள் எண்ணுக்கு எல்லோர் முன்னிலையிலும் என் கைபேசியிலிருந்து ஒரே ஒரு செய்தி அனுப்புவேன்: "அறிவிப்பு அருமை." வரும் பதிலைத் தலைவர் அவர்களே உரக்க வாசிக்கட்டும்.

(5) அதற்குப் பிறகும் திரு. பியோவை இறக்கினால், பூப்பந்தாட்டக் கிளப், பாடகர் குழு, கோயில் சங்கம் ஆகியோருடன் சேர்ந்து ஆறாம் வழித்தடத்தின் ஒவ்வொரு ஓட்டுநரையும், வாரத்துக்கு ஒருவராக, அவரவர் அறிவிப்புக்காகப் பாராட்டத் தொடங்குவோம். பதிவு செய்த பெண் குரலையும் விட்டுவைக்க மாட்டோம். கடைசி ஓட்டுநர் கிடங்குக்குப் போகும் நாளில் வண்டியைத் தாங்கள்தான் ஓட்ட வேண்டியிருக்கும்.

(6) தாங்கள் ஓட்டினால் தங்களையும் மனமாரப் பாராட்டுவோம். அதே எண்ணுக்கு.

இடம்: டேகு
நாள்: 26.8.2024

விரைவான பதிலை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
மேங் தோஜின்